நூற்றைம்பது சீட்டுக்கட்டும் ஒரு வாட்ச்காரரும்

சீட்டாட்ட கிளப்பில் ஏமாத்துறவனை ஒருத்தர் அமைதியா உட்கார்ந்து கண்டுபிடிக்கிற கதைன்னா எனக்கு உயிர். படமா இருந்தாலும் சரி, நாவலா இருந்தாலும் சரி. போன செமஸ்டர் லீவில் பெர்சிவல் வைல்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1929-ல் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பு ஒன்று கையில் கிடைத்தது. கதாநாயகன் பில் பார்மலீ, ஒரு விவசாயி. முன்னாள் சீட்டாட்ட மோசடிக்காரன். திருந்தி ஊருக்கு வந்தபிறகு மற்ற மோசடிக்காரர்களைப் பிடித்துக் கொடுப்பான். படிச்சு முடிச்சதும் ஒரு சந்தேகம் வந்தது. இந்த மாதிரி ஒரு ஆள் நிஜத்தில் இருந்திருப்பாரா?

இருந்தார். அவர் போலீசும் இல்லை, டிடெக்டிவும் இல்லை. வாட்ச் வேலை கற்றவர். நம்ம பாஷையில் சொன்னா, மெக்கானிக்கலும் எலக்ட்ரிக்கலும் சேர்ந்து படிச்ச மாதிரி ஒரு ஆள். பெயர் ழான் யூஜின் ராபர்ட்-ஹூடின். பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பெயரை வேறு மாதிரி உச்சரிப்பார்கள், ஆனா நம்ம வாய்க்கு இதுதான் வரும். பெட்டிக்குள் பூட்டினாலும் வெளியே வந்துவிடும் ஹூடினி தெரியும் இல்லையா? அவர் தன் மேடைப் பெயரை எடுத்தது இவரிடமிருந்துதான். பின்னால் ஒரு 'இ' சேர்த்துக்கிட்டார், அவ்வளவுதான்.

1805 டிசம்பரில் பிரான்ஸின் புளுவா நகரத்தில் பிறந்தார். அப்பா கடிகாரம் செய்பவர். அப்பாவுக்கு மகன் தன்னை மாதிரி எண்ணெய்க் கையோடு உட்காரக்கூடாது, சட்டம் சார்ந்த வேலைக்குப் போகணும்னு ஆசை. எந்த ஊரானாலும் அப்பாக்கள் அப்பாக்கள்தான். பையன் கொஞ்ச நாள் பத்திரம் எழுதும் அலுவலகத்தில் எழுத்தராக உட்கார்ந்தான், ஒட்டவில்லை. கடைசியில் உறவுக்காரர் ஒருவரிடம் கடிகார வேலைக்கே சேர்ந்தான்.

அங்கேதான் அந்தப் பிரபலமான தவறு நடந்தது. கடிகாரக் கலை பற்றி பெர்தூ எழுதிய புத்தகத்தின் இரண்டு பாகங்களைப் புத்தகக் கடையில் கேட்டான். கடைக்காரர் அவசரத்தில் வேறு இரண்டு பாகங்களைக் கட்டிக் கொடுத்துவிட்டார். வீட்டில் பிரித்துப் பார்த்தால் உள்ளே விஞ்ஞான வேடிக்கைகள், மேஜிக் வித்தைகள்! திருப்பிக் கொடுக்கவில்லை. ராத்திரி முழுக்கப் படித்தான். இது அவரே தன் சுயசரிதையில் எழுதியது. இந்தச் சுயசரிதையைப் பற்றி ஒரு எச்சரிக்கை இருக்கு, பிறகு சொல்றேன்.

1830-ல் பாரிஸைச் சேர்ந்த கடிகாரக்காரர் ஹூடினின் மகளை மணந்து, ராபர்ட் என்ற தன் பெயரோடு மாமனார் பெயரையும் சேர்த்துக்கொண்டார். பாரிஸில் ஒரு பக்கம் கடிகாரம், மறுபக்கம் தானாக இயங்கும் பொம்மைகள். கேள்விக்குப் பதில் எழுதி, படமும் வரையும் ஒரு பொம்மைக்கு 1844-ல் பாரிஸ் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. மன்னர் லூயி-பிலிப் வந்து பார்த்தார். பிறகு அதை அமெரிக்காவின் பார்னம் விலைக்கு வாங்கிப் போனார். 1845 ஜூலையில் பாலே-ராயலில் சொந்தமா ஒரு சின்ன தியேட்டர் திறந்தார். அதுவரை மந்திரவாதின்னா நீள அங்கி, கூம்புத் தொப்பி. இவர் விருந்துக்கு வந்த விருந்தாளி மாதிரி சாதாரண கோட்டு சூட்டில் மேடையேறினார். பூத்துக் காய்க்கும் ஆரஞ்சு மரம், கண்ணைக் கட்டிக்கொண்டு பார்வையாளர் கையிலிருக்கும் பொருளைச் சொல்லும் மகன் எமில் என்று ஊரே பேசியது.

எமிலுக்காக அப்பாவும் மகனும் செய்த பயிற்சியை இங்கே சொல்லணும். கடைவீதியில் ஒரு கண்ணாடி அலமாரியைத் தாண்டி நடப்பார்கள், ஒரே ஒரு பார்வை. கொஞ்ச தூரம் போனதும் நின்று, பார்த்த பொருளை எல்லாம் இருவரும் எழுதுவார்கள். பையன் நாற்பது பொருள் வரை எழுதுவானாம். ஒரு பார்வையில் எதையும் தவறவிடாத கண் இப்படித்தான் பழகியது.

இப்போ கதைக்கு வருவோம். பாரிஸில் பொதுச் சூதாட்ட விடுதிகளை 1837 முடிவோடு அரசாங்கம் மூடிவிட்டது. ஆட்டம் நின்றதா? இல்லை, தனியார் கிளப்புக்கும் வீட்டு வரவேற்பறைக்கும் போனது. கண்காணிப்பு இல்லாத இடம் மோசடிக்காரனுக்கு வசதிதானே. பிரெஞ்சில் அப்படிப்பட்டவனுக்குக் 'கிரேக்கன்' என்று பட்டப்பெயர். (கிரேக்க நாட்டுக்காரர்கள் மன்னிக்கணும், வச்சது நான் இல்லை.) 1849-ல் பாரிஸ் விசாரணை நீதிபதி ஒருவர், சந்தேகத்துக்குரிய ஒரு ஆளிடம் கைப்பற்றிய 150 சீட்டுக்கட்டுகளை ஹூடினிடம் கொடுத்து, இதில் குறி ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்றார்.

சீட்டுகளின் முதுகு பளபளப்பான வெறும் வெள்ளை. கோலமோ டிசைனோ இருந்தால் அதில் ஒரு பூவிதழைக் கொஞ்சம் மாற்றிக் குறி வைக்கலாம். வெறும் வெள்ளையில் என்ன செய்ய முடியும்? பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தார். கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஒன்றுமே கிடைக்கவில்லை. குறி இல்லையென்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்ற நிலை. யோசிச்சுப் பாருங்க, நாட்டிலேயே சீட்டை அதிகம் தெரிந்தவர் சுத்தம்னு எழுதிட்டா, மோசடிக்காரனுக்கு அதைவிட நல்ல சர்டிஃபிகேட் வேறென்ன வேணும்?

வெறுத்துப்போய் ஒரு கட்டை மேஜையில் எறிந்தார். எறிந்த இடத்திலிருந்து பார்க்கும்போது, ஒரு சீட்டின் பளபளப்பில் மூலைப் பக்கம் ஒரு மங்கல் புள்ளி. கிட்டே போனார், காணோம். விலகினார், மறுபடி தெரிந்தது. இரண்டு வாரமாக அவர் லென்ஸோடு கிட்டே கிட்டே போனதுதான் தப்பாகியிருந்தது. மெருகிட்ட பரப்பு ஒளியை ஒரே பக்கமாகத் திருப்பும், மெருகு போன இடம் அதைச் சிதறடிக்கும். சரியான கோணத்தில், கொஞ்சம் தள்ளி இருந்தால்தான் வித்தியாசம் தெரியும். எதிரே உட்கார்ந்து ஆடுகிறவனுக்கு அந்தத் தூரமும் கோணமும் தானாகவே அமைந்துவிடும்.

அடுத்து அந்தப் புள்ளியின் அர்த்தம். அந்தக் காலத்து பிரெஞ்சு ஆட்டங்களில் பலவற்றுக்கு 32 சீட்டுதான். ஏழிலிருந்து ஏஸ் வரை எட்டு மதிப்பு, ஸ்பேடு ஆர்ட்டின் டைமன் கிளாவர் என்று நான்கு இனம். சீட்டின் முதுகை மனசுக்குள் ஒரு பக்கம் எட்டாகவும் இன்னொரு பக்கம் நான்காகவும் பிரித்துக்கொண்டால் 32 கட்டம். எந்தக் கட்டத்தில் புள்ளியோ அதுதான் அந்தச் சீட்டு. ஒரே ஒரு புள்ளியில் ஐந்து பிட் தகவல்! 1849-ல்! என்கோடிங் வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தா எனக்கு இன்டர்னல்ஸில் இன்னும் நாலு மார்க் வந்திருக்கும்.

இந்த அனுபவங்களையெல்லாம் சேர்த்து 1861-ல் கிரேக்கர்களின் தில்லுமுல்லுகளை அம்பலப்படுத்தும் ஒரு புத்தகம் எழுதினார். சீட்டைக் கலைப்பது போல நடிப்பது எப்படி, கண்ணாடி பதித்த பொடி டப்பாவால் என்ன பயன் என்று நுட்பங்களைப் படத்தோடு விளக்குவது ஒரு பங்கு. இன்னொரு பங்கு முழுக்கக் கதை. அதில் எனக்குப் பிடித்தது ஹவானா கதை. பியாங்கோ என்ற மோசடிக்காரன் சீட்டுக்கட்டுகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி, பிரித்து, குறி வைத்து, மறுபடி முத்திரை ஒட்டி, சரக்காகவே ஹவானாவுக்கு அனுப்பிவிடுகிறான். ஊர்க் கடைகளில் விற்பது அவன் சீட்டு, கிளப்புகளில் ஆடுவதும் அவன் சீட்டு. பிறகு ஆள் வெறுங்கையோடு போய் இறங்கி ஜெயிக்கிறான். லாஃபோர்காத் என்று இன்னொரு திருடன், கிளப்பிலிருந்து சில கட்டுகளைத் திருடித் தன் குறியை வைக்கலாம் என்று பிரித்துப் பார்த்தால், ஏற்கனவே குறி இருக்கிறது! இன்னைக்கு இதுக்கு சப்ளை செயின் அட்டாக்னு பேரு. ஷெர்லாக் ஹோம்ஸ் முதல் கதை வர இன்னும் 26 வருஷம் இருந்தது.

நுட்பத்தை அச்சில் போட்டால் திருடனுக்கும் பாடம்தானே என்ற கேள்வி நம்ம சைபர் செக்யூரிட்டி ஆட்கள் இன்றும் அடித்துக்கொள்வது. திருடனுக்கு ஏற்கனவே தெரியும், தெரியாதது பணம் வைத்து ஆடும் அப்பாவிக்குத்தான். நான் ஹூடின் பக்கம்.

ஆனால் ஒரு இடத்தில் அவர் பக்கம் நிற்க எனக்கு முடியவில்லை. 1856-ல் பிரெஞ்சு அரசாங்கம் அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே மராபூத்கள் என்ற சமயப் பெரியவர்களுக்கு மக்களிடம் செல்வாக்கு, ஆட்சிக்கு எதிராகக் கிளப்பிவிடுகிறார்கள் என்று அரசுக்குப் பயம். அவர்களைவிட பிரெஞ்சுக்காரனின் சக்தி பெரிது என்று காட்டவேண்டும், அதுதான் வேலை. மேடையில் ஒரு சின்னப் பெட்டி, அடியில் இரும்புத் தகடு. மேடைக்குக் கீழே மின்காந்தம். பலசாலி ஒருவர் வந்து சுலபமாகத் தூக்குகிறார். உன் பலத்தை எடுத்துவிட்டேன் என்கிறார் ஹூடின், சுவிட்ச் விழுகிறது. இப்போது அசையவில்லை. கடைசியில் கைப்பிடியில் ஷாக் கொடுத்ததும், அந்த மனிதர் அலறிக்கொண்டு மேடையை விட்டே ஓடினார்.

பிறகு மொழிபெயர்ப்பாளர்கள் மூலம் இதெல்லாம் வெறும் கைவித்தை என்று விளக்கச் சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். இருக்கலாம். ஆனாலும், பாரிஸ் தியேட்டரில் டிக்கெட் வாங்கியவன் ஏமாறத்தான் வந்தான், அது அவனுக்குத் தெரியும். அல்ஜியர்ஸில் மேடையேறிய அந்த மனிதருக்கு என்ன தெரியும்? 150 கட்டுகளை வைத்திருந்தவனுக்கு எதிரே உட்கார்ந்து ஆடியவர்களுக்குத் தெரிந்த அளவுதான். மின்காந்தம் நமக்கெல்லாம் லேப் பரிசோதனை. அங்கே அது ஆட்சிக்கான ஆயுதம். பல மேஜிக் புத்தகங்கள் இதை அவரது மாபெரும் வெற்றியாகக் கொண்டாடுகின்றன. எனக்கு அந்தப் பக்கங்களை ரசித்துப் படிக்க முடியலை.

சொன்ன எச்சரிக்கைக்கு வர்றேன். 1858-ல் வந்த சுயசரிதையில், டோரினி என்ற மந்திரவாதிதான் தன் குரு, அவரோடு ஊர் ஊராகப் போனேன் என்று அத்தியாயம் அத்தியாயமாக வருகிறது. பின்னால் தேடியவர்களுக்கு அப்படி ஒருவர் வாழ்ந்ததற்கு ஆதாரமே கிடைக்கவில்லை. மோசடியை அம்பலப்படுத்தியவர் தன் வாழ்க்கைக் கதையிலேயே ஒரு சீட்டைச் செருகியிருக்கிறார் போல. பெயரை எடுத்துக்கொண்ட ஹூடினியே 1908-ல் அவரைக் கிழித்து ஒரு புத்தகம் போட்டார். அது ரொம்ப ஓவர் என்பது என் கருத்து.

ஓய்வுக்குப் பிறகு புளுவா பக்கத்தில் வாங்கிய வீட்டை மின்சாரத்தால் நிரப்பினார். வேலைக்காரர்களை எழுப்பும் மணி, அவர்கள் எழுந்து அறையின் மறுபக்கம் நடந்துபோய் நிறுத்தும்வரை ஓயாது. (இது நம்ம ஹாஸ்டலுக்கு அவசரமா தேவை.) குதிரைக்காரன் ஓட்ஸைத் திருடி விற்றான் என்பதற்காக, வீட்டுக்குள்ளிருந்து கடிகாரமே லாயத்தில் தீனியைக் கொட்டும்படி செய்தார். லாயக் கதவு பூட்டியிருந்தால்தான் தீனி விழும். வீட்டிலும் கிரேக்கனைப் பிடிக்கிற வேலைதான்!

1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வந்தது. ராணுவத்திலிருந்த மகன் யூஜின் ரெய்ஷ்ஷோஃபன் சண்டையில் படுகாயம்பட்டு இறந்தார். அந்த வீட்டில் எத்தனை மணி ஒலித்தாலும் அதன்பிறகு அவர் பழையபடி ஆகவில்லை. 1871 ஜூன் 13-ல் நிமோனியாவில் போனார், வயது 65. அவர் தொடங்கிய தியேட்டர் தொடர்ந்து நடந்தது. 1888-ல் அதை வாங்கியவர் ழார்ழ் மெலியெஸ், நிலாவுக்கு ராக்கெட் விட்ட அந்த சினிமாக்காரர்.

இதைப் படிச்ச ராத்திரியே ரூமில் ரம்மி. கட்டை வாங்கி, ட்யூப்லைட்டுக்குக் கீழே ஒவ்வொரு சீட்டாகச் சாய்த்து, தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஒரு புள்ளியும் இல்லை, கட்டு சுத்தம். அப்படியும் எண்பது ரூபாய் தோற்றேன்.