பறவைக்காக ஒரு கேமரா: விக்டர் ஹாசல்பிளாட்டின் கதை

ஃபோட்டோ எடுக்கிற பசங்க நாலு பேர் ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்தா பேச்சு எங்க போய் முடியும்னு உங்களுக்கே தெரியும். மாசக் கடைசியில் டீக்குக் காசு இருக்காது. ஆனா லட்சக்கணக்கில் விலை போகிற மிரர்லெஸ் மீடியம் ஃபார்மட் கேமராவுக்கு என்னென்ன வசதி வேணும்னு ஒரு லிஸ்ட் தயாராகிவிடும். ஆன் பண்ணினா உடனே ரெடியாகணும். ஃபோகஸ் சட்டுனு பிடிக்கணும். நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கினாலும் வலிக்கக் கூடாது. மெனுவுக்குள்ளே போய்த் தொலையாம, வேண்டிய பட்டன் விரலுக்கடியிலேயே இருக்கணும்.

இந்த மாதிரி ஒரு லிஸ்ட்டை 80 வருஷத்துக்கு முன்னாடியே மனசுக்குள் போட்டு வைத்திருந்தார் ஒரு ஸ்வீடன்காரர். அவர் இன்ஜினியர் இல்லை. பறவை பார்க்கிறவர். பெயர் விக்டர் ஹாசல்பிளாட். நிலவுக்குப் போன கேமராவின் பெயர் என்றுதான் நம்மில் பலர் அந்தப் பெயரைக் கேட்டிருப்போம். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனுஷனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கடை வீட்டுப் பையன்

விக்டர் பிறந்தது 1906 மார்ச் 8, ஸ்வீடனின் துறைமுக நகரமான கோதன்பர்க்கில். குடும்பம் வசதியான வியாபாரக் குடும்பம். 1841இல் தொடங்கிய இறக்குமதி வியாபாரம் அவர்களுடையது. தாத்தா ஆர்விட் விக்டருக்குப் புகைப்படத்தில் ஆசை. பெரிய லாபம் வராது என்று தெரிந்தும் கம்பெனிக்குள் ஒரு ஃபோட்டோ பிரிவு ஆரம்பித்தார். தேன்நிலவுப் பயணத்தில் அவர் ஜார்ஜ் ஈஸ்ட்மனைச் சந்தித்தார். ஆமாம், கோடாக் ஈஸ்ட்மன்தான். 1888இல் ஈஸ்ட்மன் பொருட்களை ஸ்வீடனில் விற்கும் உரிமை குடும்பத்துக்கு வந்தது.

இப்படி கேமராவும் ஃபிலிமும் விற்கிற வீட்டில் வளர்ந்த பையனுக்குப் பிடித்ததோ பறவைகள். ஸ்வீடனின் மேற்குக் கரையில் வலசை வரும் பறவைகளைத் தேடிப்போய்ப் படம் எடுப்பார். அந்தக் காலத்தில் அதற்குக் கிடைத்த நல்ல கேமராக்களில் பல, தூக்கிக்கொண்டு அலைய முடியாத பெட்டிகள். ஒவ்வொரு படத்துக்கும் தகடு மாற்றி, செட் பண்ணி, நிமிர்ந்து பார்க்கிறதுக்குள் பறவை பறந்து போயிருக்கும். அவருடைய லிஸ்ட் அங்கேதான் தொடங்கியது.

18 வயதில் அப்பா கார்ல் எரிக் அவரை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துக்கு அனுப்பினார். லென்ஸ், கேமரா தொழிலுக்கு அப்போது உலகத் தலைநகரம் மாதிரி இருந்த ஊர் அது. அதற்கப்புறம் சில வருஷம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஃபோட்டோ தொழிலின் பல வேலைகளைக் கற்றுக்கொண்டார். ரோச்செஸ்டரில் ஈஸ்ட்மனிடமும் இருந்தார். நம்ம பாஷையில் சொன்னா, நாடு நாடாப் போய் இன்டர்ன்ஷிப்.

திரும்பி வந்து குடும்பக் கம்பெனியில் சேர்ந்தார். அப்பாவுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. இடையில் 1934இல் எர்னாவைக் கல்யாணம் செய்துகொண்டார். 1935இல் வலசைப் பறவைகளைப் பற்றித் தன் படங்களோடு ஒரு புத்தகமும் வெளியிட்டார். வீட்டுச் சண்டை முற்ற, குடும்ப வியாபாரத்தை விட்டு வெளியே வந்து, 1937இல் கோதன்பர்க்கிலேயே சொந்தமாக ஒரு கேமரா கடையும் லேபும் திறந்தார். கடையின் பெயர் விக்டர் ஃபோட்டோ. பணக்கார வீட்டுப் பையன்தான், ஆனாலும் 31 வயதில் அப்பாவின் நிழலை விட்டுட்டுத் தனியாக் கடை போடுவது லேசான முடிவு இல்லை.

மெக்கானிக் ஷெட்டில் ஒரு கேமரா

1940. உலகப் போர். ஸ்வீடன் நடுநிலை நாடு என்றாலும் நாலு பக்கமும் நெருப்பு. விழுந்த ஒரு ஜெர்மன் விமானத்திலிருந்து நல்ல நிலையில் ஒரு வேவுக் கேமரா ஸ்வீடன் ராணுவத்தின் கையில் கிடைத்தது. இதே மாதிரி ஒன்று செய்து தர முடியுமா என்று விக்டரிடம் கேட்டார்கள். இதே மாதிரி முடியாது, இதைவிட நல்லதாகச் செய்யலாம் என்று அவர் சொன்னதாகக் கம்பெனி வட்டாரத்தில் ஒரு கதை உண்டு.

ஃபேக்டரி எல்லாம் கிடையாது. ஒரு கார் ஒர்க்‌ஷாப்பின் ஷெட்தான் இடம். கூட இருந்தவர்கள் ஒரு மெக்கானிக்கும் அவருடைய தம்பியும். சாயங்கால நேரங்களில் வேலை. அப்படி உருவானது ஹெச்கே7 என்ற வான்படக் கேமரா. குலுங்குகிற விமானத்தில், கையில் பிடித்தபடியே படம் எடுக்க வேண்டிய கருவி. மேஜை மேல் வைத்து வடிவமைத்தால் இதெல்லாம் வராது. கை எப்படிப் பிடிக்கும், விரல் எங்கே போகும் என்று யோசித்தால்தான் வரும். 1941இன் கடைசியில் அங்கே 20 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள்.

1942இல் அப்பா இறந்தார். குடும்பக் கம்பெனி விக்டரின் கைக்கு வந்தது. ராணுவக் கேமராக்களோடு கடிகார உதிரி பாகங்களும் செய்து விற்றார்கள். மில்லிமீட்டரின் சிறு பின்னத்தில் வேலை செய்யும் பழக்கம் தொழிலாளிகளுக்கு அங்கே கைவந்தது. ஆனா விக்டரின் மனசு முழுக்க, போர் முடிந்ததும் சாதாரண மக்களுக்கு ஒரு கேமரா செய்வதிலேயே இருந்தது.

முதல் வெர்ஷன் சொதப்பல்

போர் முடிந்ததும் மரத்தில் மாதிரிகள் செதுக்கினார்கள். வெளித்தோற்றத்துக்கு சிக்ஸ்டன் சாசன் கைகொடுத்தார். சாப் நிறுவனத்தின் முதல் காருக்கு உடல் வடிவம் கொடுத்த அதே டிசைனர். 1948 அக்டோபர் 6ஆம் தேதி நியூயார்க்கில் கேமரா அறிமுகமானது. பின்னாளில் 1600எஃப் என்று அழைக்கப்பட்ட மாடல் அது.

அதில் என்ன விசேஷம்? நடுவில் ஒரு சின்னப் பெட்டி. முன்னால் லென்ஸைக் கழற்றி மாற்றலாம். மேலே வியூஃபைண்டரை மாற்றலாம். பின்னால் ஃபிலிம் இருக்கும் மேகஸினையே பாதி ரோலில் கழற்றி இன்னொன்று போடலாம். கறுப்பு வெள்ளையிலிருந்து கலருக்கு மாற ரோல் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். படம் சதுரம், கிட்டத்தட்ட 56க்கு 56 மில்லிமீட்டர். சாதாரண 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் படம் 36க்கு 24 தான். கணக்குப் போட்டா மூன்றரை மடங்குக்கும் மேல் பரப்பு. சதுரம் என்பதால் கேமராவை நிமிர்த்திப் படுக்கவைக்கிற வேலையும் இல்லை. வலசைப் பறவைக்குப் பின்னால் அலைந்தவரின் லிஸ்ட்டை அப்படியே உலோகத்தில் வார்த்த மாதிரி இருக்கும்.

பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். வாங்கினவர்கள் திரும்பக் கொண்டுவந்தார்கள்!

பிரச்சினை ஷட்டரில். நொடியில் 1600இல் ஒரு பங்கு வேகம் வேணும்னு மெல்லிய உலோகத் திரை வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துக்கு அது பயங்கர வேகம். பெயரிலேயே 1600 வந்தது அதனால்தான். ஆனா அந்த நுட்பமான அமைப்பு அன்றாடப் புழக்கத்தைத் தாங்கவில்லை. ஸ்பெக் ஷீட்டில் ஜெயித்த கேமரா கைக்கு வந்ததும் தோற்றது. இதைப் படிக்கிற நமக்கு இது எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கலாம். டெமோ அன்னைக்கு ஓடி, மறுநாள் படுத்துக்கொள்ளும் ப்ராஜெக்ட் எத்தனை பார்த்திருக்கோம்!

அடுத்து விக்டர் செய்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமாகப் படுகிறது. வேகத்தை இன்னும் கூட்டி விளம்பரம் தேடவில்லை. குறைத்தார். அடுத்து வந்த 1000எஃப் மாடலின் உச்ச வேகம் 1000இல் ஒரு பங்கு. அது முன்னதைவிட உறுதி. 1957இல் வந்த 500சி இன்னும் குறைவு, 500இல் ஒரு பங்கு. பெயரிலேயே அதை ஒளிக்காமல் எழுதினார்கள். உடலிலிருந்த திரை ஷட்டரைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் இலை ஷட்டர் வைத்தார்கள். லென்ஸ்கள் ஜெர்மனியின் கார்ல் சைஸ். மூன்றில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கியதில் கிடைத்தது என்ன? நம்பிக்கை. கூடவே, எல்லா வேகத்திலும் ஃபிளாஷ் வேலை செய்யும் வசதி. திரை ஷட்டரில் குறைந்த வேகத்தில் மட்டும்தான் அது சாத்தியம். ஸ்டுடியோக்காரர்களுக்கு அது வரமாக அமைந்தது.

500சியும் குறையே இல்லாத கேமரா இல்லை. மேலிருந்து குனிந்து பார்க்கும் வியூஃபைண்டரில் இடமும் வலமும் மாறித் தெரியும். லென்ஸும் உடலும் ஒரே நிலையில் இல்லாவிட்டால் மாட்டிக்கொள்ளும். மேகஸினின் மறைப்புத் தகட்டை எடுக்க மறந்தால் பட்டன் அமுங்காது. ஆனா இந்தக் கடைசி விஷயத்தைக் கவனிங்க. அது குறை இல்லை, காவல். மனுஷன் மறப்பான் என்று தெரிந்து, ஒரு படம் வீணாகாமல் இருக்கப் போட்ட பூட்டு.

கடையில் வாங்கிய கேமரா, நிலவு வரை

1962இல் விண்வெளி வீரர் வாலி ஷிரா ஹூஸ்டனில் ஒரு கேமரா கடைக்குள் போய் 500சி ஒன்றை வாங்கினார். வெளியே இருந்த தோலுறையை எடுத்து, பளபளப்பு தெரியாமல் மாற்றி, அந்த அக்டோபரில் தன் மெர்க்குரி விண்கலத்தில் எடுத்துப் போனார். நாசாவுக்குப் படங்கள் பிடித்துப்போயின. கோதன்பர்க்குக்கும் நாசாவுக்கும் இடையே நேரடி உறவு அங்கே தொடங்கியது.

1969இல் அப்பல்லோ 11 பயணத்தில் வெள்ளி நிறம் பூசிய, மோட்டார் பொருத்திய ஹாசல்பிளாட் ஒன்று ஆம்ஸ்ட்ராங்கின் நெஞ்சில் மாட்டப்பட்டிருந்தது. ஹெல்மெட் போட்டவரால் வியூஃபைண்டருக்குள் கண் வைக்க முடியாது, அதனால் மொத்த உடம்பையும் திருப்பித்தான் குறி பார்க்கணும். தடித்த கையுறை விரலுக்குத் தோதாகப் பிடிகளைப் பெரிதாக்கினார்கள். பெரும்பாலான நேரம் கேமரா ஆம்ஸ்ட்ராங்கிடம் இருந்ததால்தான் அந்தப் பிரபலமான நிலவுப் படங்களில் ஆல்ட்ரின்தான் தெரிகிறார்.

திரும்பும்போது எடையைக் குறைக்கணும். நிலவுக் கற்களுக்கு இடம் வேணும். என்ன செய்தார்கள்? பின்னாலிருந்த மேகஸினைக் கழற்றி எடுத்துக்கொண்டு, கேமராவை அங்கேயே விட்டுட்டு வந்தார்கள். ஆறு பயணங்களில் இப்படி 12 கேமராக்கள் நிலவில் தங்கிவிட்டன. வேலை நடுவே ஃபிலிம் மாற்ற வேணும்னு போட்ட வசதி, அங்கே படங்களை வீட்டுக்குக் கொண்டுவரும் வழியானது. இதை 1948இல் யாரும் திட்டமிட்டிருக்க முடியாது.

விக்டர் 1976இல் கம்பெனியை விற்றார். 1978 ஆகஸ்ட் 5ஆம் தேதி, 72 வயதில் காலமானார். அவருக்கும் எர்னாவுக்கும் குழந்தைகள் இல்லை. சொத்தின் பெரும்பகுதி ஓர் அறக்கட்டளைக்குப் போனது. அது 1980 முதல் கொடுத்துவரும் ஹாசல்பிளாட் விருது, புகைப்பட உலகின் மிகப் பெரிய விருதுகளில் ஒன்று. 2022இல் அதைப் பெற்றவர் நம் நாட்டின் தயானிதா சிங்.

மறுபடியும் மொட்டை மாடி

இப்போ நம்ம லிஸ்ட்டுக்கு வருவோம். 2016இல் அவர் கம்பெனியிலிருந்து எக்ஸ்1டி வந்தது. கண்ணாடி இல்லாத முதல் டிஜிட்டல் மீடியம் ஃபார்மட் கேமரா. சென்சார் 43.8க்கு 32.9 மில்லிமீட்டர், உடல் எடை 725 கிராம். கையில் எடுத்தவர்கள் பிடியைப் புகழ்ந்தார்கள். மெனு ஃபோன் மாதிரி சுலபம். ஷட்டர் பழையபடி லென்ஸுக்குள்ளேயே. ஆனா ஆன் பண்ணினால் பல விநாடி காத்திருக்கணும். ஃபோகஸ் மெதுவு. ஒரு கிளிக் அடித்தால் வியூஃபைண்டர் சற்று நேரம் இருண்டுவிடும். 1600எஃப் மாதிரியே, அழகான முதல் வெர்ஷன், அன்றாடத்தில் தடுமாற்றம். அப்புறம் 2019இல் எக்ஸ்1டி 2, 2022இல் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் எக்ஸ்2டி என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அசைகிற பொருளை விடாமல் பின்தொடரும் ஃபோகஸ், அதாவது பறக்கிற பறவையைப் படம் பிடிக்கிறவன் முதலில் கேட்கிற வசதி, 2025இல் வந்த எக்ஸ்2டி 2 மாடலில்தான் கிடைத்தது. பறவைக்காக யோசிக்க ஆரம்பித்தவரின் பெயரைத் தாங்கிய கேமரா பறவையிடம் திரும்பி வர அத்தனை வருஷம்! இன்னொரு பக்கம், 1957 முதல் வந்த அவருடைய கேமராக்களில் பெரும்பாலானவற்றின் பின்னால் இன்றைக்கும் டிஜிட்டல் பேக் ஒன்றை மாட்டிப் படம் எடுக்கலாம். தாத்தா காலத்துப் பெட்டி, பேரன் காலத்து சென்சார்.

அடுத்த தடவை ப்ராஜெக்டுக்கு ஃபீச்சர் லிஸ்ட் போடும்போது, இதை யார், எந்தக் கையால், எந்த வெயிலில் நின்று பயன்படுத்தப் போறாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. முடிந்தால் விக்டர் மாதிரி நாமே அந்த வெயிலில் போய் நின்று பார்ப்போம். முதல் வெர்ஷன் சொதப்பினா பரவாயில்லை. அவருக்கும்தான் சொதப்பியது. வேகத்தைக் குறைத்து, வேலை செய்கிற ஒன்றாக மாற்ற ஒன்பது வருஷம் ஆனது. நமக்கு ஒரு செமஸ்டர்தான் இருக்கு, அது வேற கதை.