நோபலுக்குப் பிறகு ராமன் என்ன செய்தார்? கண்ணைத் துரத்திய கடைசி வருடங்கள்

குளிர்காலத்தில், அமாவாசையை ஒட்டி ஜவ்வாது மலைக்குப் போனவர்களுக்கு இந்த ஏமாற்றம் தெரிந்திருக்கும். காவலூர் பக்கம் நல்ல இருட்டு, வானம் முழுக்க நட்சத்திரம். ஓரியன் நெபுலாவை வெறும் கண்ணால் பார்த்தால் சாம்பல் கலரில் ஒரு புகைக்கறை, அவ்வளவுதான். அதையே கேமராவில் கொஞ்சம் நேரம் எடுத்து படம் பிடித்தால் இளஞ்சிவப்பு! கேமராவுக்குத் தெரியும் நிறம் நம்ம கண்ணுக்கு ஏன் வரலை?

இந்த மாதிரிக் கேள்விகள் சர் சி.வி.ராமனைக் கடைசிக் காலத்தில் தூங்கவிடவில்லை. காவலூரில் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் வானாய்வு தொடங்கிய 1968-ல்தான், பெங்களூரில் அவருடைய 'தி ஃபிசியாலஜி ஆஃப் விஷன்' புத்தகமும் வெளிவந்தது. அவருக்கு 80 வயது நிறைந்த ஆண்டு அது. நம்ம ஸ்கூல் புத்தகம் 1930 நோபலோடு அவரை முடித்துவிடுவதால், இந்தப் பகுதி பலருக்கும் தெரியாது.

முன்கதை சுருக்கமாக. 1888-ல் திருச்சி திருவானைக்காவலில் பிறந்தார். அப்பா விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர். ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1907-ல் கல்கத்தாவில் நிதித் துறை அதிகாரி ஆனார். ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பவ்பஜார் தெருவில் இருந்த ஆய்வகத்தில். 1917-ல் அரசு வேலையை விட்டுப் பேராசிரியர். 1921-ல் கப்பலில் போகும்போது மத்தியதரைக் கடலின் நீலம் கண்ணில் பட்டது. அங்கே தொடங்கியதுதான் 1928 பிப்ரவரி 28 வரை போனது.

இதில் ஒரு சின்ன விஷயம் முக்கியம். இளம் வயதில் அவரை மிகவும் பாதித்த புத்தகங்களில் ஒன்று, ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசை ஒலிகள் பற்றி எழுதியது. அதே ஹெல்ம்ஹோல்ட்ஸோடுதான் வயதான ராமன் சண்டைக்குப் போனார்.

என்ன சண்டை? நம் விழித்திரையில் மூன்று வகை நிற உணர்விகள் இருக்கின்றன, அவற்றின் கலவையிலிருந்தே எல்லா நிறமும் தெரிகிறது என்பது தாமஸ் யங்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் சொன்ன கோட்பாடு. மொபைல் ஸ்கிரீன் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றே புள்ளிகளை வைத்து உங்களை ஏமாற்றுவது இதனால்தான். ராமன் இதை ஏற்கவில்லை. நிறமாலையில் கண் இத்தனை சாயல்களைப் பிரித்தறியும்போது, எல்லாவற்றையும் மூன்றுக்குள் அடைப்பது இயற்பியலுக்கு ஒத்துவராது என்பது அவர் வாதம்.

அவர் செய்த சோதனைகள் ரொம்ப எளிமையானவை. ஒரு நிற வடிகட்டியைக் கண்முன் பிடித்து, பிரகாசமான வெள்ளைத் திரையைச் சில விநாடி உற்றுப் பார்ப்பார். சட்டென்று வடிகட்டியை எடுத்துவிடுவார். அப்போது திரையில் தெரியும் வடிவம் தன் விழித்திரையின் பெரிதாக்கிய தோற்றம்தான் என்றார். தோட்டத்துப் பூக்களையும் சாயம் போட்ட துணிகளையும் சின்ன ஸ்பெக்ட்ரோஸ்கோப் வழியாகப் பார்த்தார். பெரிய கருவி எதுவும் கிடையாது, சொந்தக் கண்தான் லேப்.

பிரச்சினையும் அதுதான். 1964-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் விழித்திரையின் கூம்பு செல்களை ஒவ்வொன்றாக அளந்தன. மூன்று வகை நிறமிகள் நேரடியாகவே சிக்கின. அதன் பிறகும் ராமன் மாறவில்லை. நான்கு வருடம் கழித்து வந்த புத்தகத்திலும் மூன்று நிறக் கோட்பாடு தவறு என்றே எழுதினார். பார்வைத் துறை ஆய்வாளர்கள் அதைக் கிட்டத்தட்ட கண்டுகொள்ளவே இல்லை. (நெபுலா புதிருக்கு இன்றைய பதில் இது: மங்கலான ஒளியில் கூம்பு செல்கள் ஓய்ந்துவிடும், குச்சி செல்கள்தான் வேலை செய்யும். அவற்றில் ஒரே வகை நிறமிதான் என்பதால் நிறத்தைப் பிரிக்க முடியாது.)

இவ்வளவு பெரிய மூளை எப்படித் தவறியது? தனிமை ஒரு காரணம் என்று தோன்றுகிறது. 1937-ல் இந்திய அறிவியல் கழக இயக்குநர் பதவியை, நிர்வாகச் சர்ச்சைகளுக்கு நடுவே விட்டார். 1948-க்குப் பிறகு தன் பெயரிலான ஆய்வு நிறுவனத்தில், அரசுப் பணம் வேண்டாம் என்ற பிடிவாதத்தோடு இருந்தார். 1968-ல் லண்டன் ராயல் சொசைட்டியிலிருந்தும் விலகினார். பக்கத்தில் உட்கார்ந்து, சார், இது தப்பு என்று சொல்ல உயிரியல் ஆள் யாரும் இல்லை.

இன்னொன்று, அவர் கண்ணோடு நின்றுவிட்டார். அதே காலத்தில் ஹ்யூபெல், வீசல் என்ற இருவர் பூனையின் மூளையில், குறிப்பிட்ட கோணத்தில் இருக்கும் கோட்டுக்கு மட்டும் துடிக்கும் செல்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். பார்ப்பது பாதி மூளையின் வேலை என்ற அந்தப் பாதைதான் இன்று ஆட்டிசம் ஆய்வு வரை வந்திருக்கிறது. 1983-ல் அமிதா ஷா, ஊட்டா ஃப்ரித் இருவரும், சிக்கலான படத்துக்குள் ஒளிந்திருக்கும் சிறு வடிவத்தைக் கண்டுபிடிப்பதில் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் மற்றவர்களைவிடச் சிறப்பாகச் செய்ததைக் காட்டினார்கள். ஒரே படம்தான், ஆனா எல்லார் மூளையும் அதை ஒரே மாதிரி சேர்ப்பதில்லை. ஒருவரின் கண்ணை மட்டும் வைத்து எல்லோர் பார்வைக்கும் விதி எழுத முடியாது என்பதும் இதில் தெரிகிறது. ராமனின் முறை மாட்டிக்கொண்டது இங்கேதான்.

அதற்காக அவர் சோர்ந்து உட்காரவில்லை. 1970 அக்டோபர் 2-ல் தன் நிறுவனத்தில் கடைசிக் காந்தி நினைவு உரை ஆற்றினார். கண்ணை விட்டு இந்த முறை காது, அதாவது நத்தை ஓடு போல உள்ளே சுருண்டிருக்கும் காக்ளியா. ஹெல்ம்ஹோல்ட்ஸின் இன்னொரு பேட்டை! அந்த மாதக் கடைசியில் ஆய்வகத்திலேயே மயங்கி விழுந்தார். நவம்பர் 21-ல் காலமானார். அந்த நிறுவன வளாகத்திலேயே தகனம் நடந்தது. அந்த இடத்தில் ஒரு மரம் நட்டார்கள்.