மதுரை ஈந்த வேட்கை: கர்னல் காலின் மெக்கன்சி

தமிழகத்தின் இடைக்கால வரலாற்றை ஆராயப் புகுவோர் மெக்கன்சி சுவடிகளைக் கடந்து செல்லுதல் அரிது. ஊர்க் கைபீதுகளும் பாளையக்காரர் வமிசாவளிகளும் அத்தொகுப்பினால் அழிவினின்று தப்பின. அவற்றைத் திரட்டியவர் போர் செய்ய வந்த ஓர் அயல்நாட்டுப் படைவீரர் என்பது எண்ணத்தக்கது.

காலின் மெக்கன்சி 1754இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவிலுள்ள ஸ்டோர்னோவே என்னும் ஊரில் பிறந்தார். அங்கே சுங்கத்துறையில் பணியாற்றினார். மடக்கையைக் கண்டறிந்த ஜான் நேப்பியரின் வரலாற்றை எழுத விரும்பிய நேப்பியர் பிரபுவின் தொடர்பால், இந்தியரின் கணித அறிவு குறித்த ஆர்வம் அவருக்கு உண்டாயிற்று. 1783இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து சென்னை வந்து இறங்கியபோது அவருக்கு வயது 29. மொழி புதிது, மக்களும் புதியர். கோவை, திண்டுக்கல் பகுதிகளில் அவருடைய தொடக்ககாலப் பணி அமைந்தது.

நேப்பியர் பிரபுவின் மகள் ஹெஸ்டர், தம் கணவர் சாமுவேல் ஜான்ஸ்டனுடன் அப்போது மதுரையில் வாழ்ந்து வந்தார். அவ்வம்மையார் மெக்கன்சியை மதுரைக்கு அழைத்து, கணிதத்தில் வல்ல உள்ளூர் அந்தணர்களோடு பழகச் செய்தார். அவர்களுடன் நிகழ்த்திய உரையாடல்களே இந்நாட்டுப் பழமையைத் தேடும் வேட்கையை அவருள் விதைத்தன என்று ஹெஸ்டரின் மகன் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் பின்னாளில் பதிவு செய்துள்ளார்.

ஆயினும் விதை முளைக்க நெடுநாள் ஆயிற்று. போர்களும் ஓயாத இடமாற்றங்களும் ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகளை விழுங்கின. 1796இல் இலங்கைப் போர்ப்பணி முடித்துத் திரும்பிய பின்னரே காவலி வெங்கட போரய்யா என்னும் தெலுங்கு அறிஞர் அவருக்குத் துணையாக வாய்த்தார். 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மெக்கன்சி மைசூர் நில அளவையை மேற்கொண்டார். அளவைச் சங்கிலி சென்ற ஊர்தோறும் சுவடி தேடுவோரும் சென்றனர். 1811இல் ஜாவாப் படையெடுப்பிற்கு அனுப்பப்பட்டபோது அத்தீவிலும் ஏடுகளைத் திரட்டினார். 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார். 1821 மே 8ஆம் நாள் வங்காளத்தில் மறைந்தார். அவர் விட்டுச்சென்றவற்றுள் 8,076 கல்வெட்டுப் படிகளும் 6,218 நாணயங்களும் அடங்கும்.

அவரைப் போற்றும்போது இரண்டு உண்மைகளை மறத்தல் ஆகாது. அவர் வரைந்த படங்கள் கம்பெனி ஆட்சி வேரூன்றத் துணைபுரிந்தன. மேலும், இந்திய மொழிகளில் அவருக்குப் போதிய பயிற்சி இல்லை. ஊர் ஊராய் நடந்து, கர்ணங்களிடமும் கோயிலாரிடமும் கேட்டெழுதி, ஏடுகளைப் பெயர்த்தெழுதியவர்கள் போரய்யாவும் அவர்தம் இளவல் லட்சுமய்யாவும் அவர்களையொத்த இந்நாட்டு உதவியாளர்களுமே. போரய்யா 1803இலேயே இளமையில் இறந்தார். மெக்கன்சியின் மறைவுக்குப்பின் அப்பணியைத் தொடர லட்சுமய்யா இசைவு வேண்டினார். இந்தியர் ஒருவரால் அது இயலாதெனக் கருதி ஆங்கிலேயர் மறுத்தனர். பல்லாண்டுகள் அதனைச் செய்து காட்டியவருக்கே அம்மறுப்பு நேர்ந்தது.

அச்சுவடிகளுள் பெரும்பகுதி இன்று சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. தம் ஊரின் பழங்கதையை அங்குச் சென்று படிப்போர், அட்டையில் காணும் ஒரு பெயரோடு நில்லாது, அதனை எழுதிய கைகளையும் நினைதல் வேண்டும்.