ஓமந்தூர் ரெட்டியாரும் சொந்த ஜில்லாவும்

திருவண்ணாமலையில் ஸ்ரீ ரமண மகரிஷியை நாடி வந்த பக்தர்களுள் சென்னை ராஜதானியின் பிரதம மந்திரியாக விளங்கிய ஒருவரும் உண்டு. அம்மலைக்குக் கிழக்கே, தென்னாற்காடு ஜில்லா திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில், 1895-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஸ்ரீ ராமசாமி ரெட்டியாரே அவர். 1947 மார்ச்சில் பதவியேற்றார். அவ்வாண்டே நிறைவேறிய ஆலயப் பிரவேசச் சட்டத்தினால், அண்ணாமலையார் சன்னிதி உள்ளிட்ட ராஜதானிக் கோயில்களில் நுழையும் உரிமை ஹரிஜனங்களுக்குச் சித்தித்தது. தேவதாசி முறை ஒழிந்தது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் வந்தது.

ஆயினும் அவரை வீழ்த்தியவை இச்சட்டங்கள் அல்ல; சிபார்சுகளை அவர் மறுத்ததேயாகும். சட்டசபை அங்கத்தினர் பலர், தம் ஜில்லாக்காரருக்கு உத்தியோகமும் லைசென்சும் வாங்கித் தருவதையே ஜனசேவை என்று எண்ணினர். ரெட்டியார் இணங்கவில்லை. ஊராரின் நியாயமான குறையைச் சுமந்து வந்த அங்கத்தினர்களும் அக்கண்டிப்பினால் சில சமயம் மனம் நொந்திருக்கக் கூடும் என்பதை நாம் மறுக்கவில்லை. சொந்தக் கட்சியினரின் அதிருப்தி முற்றி, 1949 ஏப்ரலில் பதவி துறந்தார்.

அதன் பின்னரே சொந்த ஜில்லாவுக்கு அவர் கை தாராளமாக நீண்டது. வள்ளலாரின் வடலூரில் தங்கி, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் அனாதைகளுக்கு விடுதியும் அமைத்து, 1970-ல் மறையும் வரை அவற்றைப் பேணி வந்தார்.