முத்துமாலையை விற்ற சீமாட்டி

1927-ம் ஆண்டு, ஜனவரி மாதம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள சவானா நகரில் ஒரு சீமாட்டி காலமானார்.

செல்வத்தில் பிறந்து, செல்வத்தில் வாழ்ந்தவர் அவர். ஆனால் பட்டாடை உடுத்தி அவரை அடக்கம் செய்யவில்லை. சாரணியர் அணியும் சீருடையோடு அடக்கம் செய்தார்கள்!

அவர்தான் ஜூலியட் லோ. அமெரிக்காவில் சாரணியர் இயக்கத்தைத் தொடங்கியவர்.

காது போனது

ஜூலியட் 1860-ம் ஆண்டு சவானாவில் பிறந்தார். தந்தை பருத்தி வியாபாரி. வீட்டில் இவருக்கு டெய்சி என்று செல்லப் பெயர்.

இளம் வயதில் ஒரு காதில் வலி வந்தது. தவறான வைத்தியத்தால் அந்தக் காது கெட்டது.

1886-ல் வில்லியம் லோ என்ற செல்வருக்கும் இவருக்கும் திருமணம் நடந்தது. மணமக்கள் மீது அரிசி தூவுவது அங்கும் வழக்கம். அப்படித் தூவிய ஓர் அரிசி, ஜூலியட்டின் நல்ல காதுக்குள் போய்விட்டது. அதை எடுக்கப் போய்ப் புண் வைத்து, அந்தக் காதும் செவிடாயிற்று.

கணவர் வீடு இங்கிலாந்தில். மாளிகை, விருந்து, ஆடை, ஆபரணம்! எதற்கும் குறைவில்லை. ஆனால் கணவரின் அன்பு நிலைக்கவில்லை. அவர் மனம் வேறொரு பெண்ணிடம் போயிற்று. குழந்தையும் இல்லை. 1905-ல் கணவர் இறந்தபோது, தம் சொத்தை அந்தப் பெண்ணுக்கே எழுதி வைத்திருந்தது தெரிய வந்தது! ஜூலியட் வழக்காடித் தம் பங்கைப் பெற்றார்.

இனி என்ன செய்வது? தம் வாழ்வு யாருக்கும் பயன்படவில்லையே என்று அவர் ஏங்கினார்.

பதினெட்டுப் பெண்கள்

1911-ல் சாரணர் இயக்கத்தின் தந்தை பேடன் பவலைச் சந்தித்தார். அவருடைய வேலை ஜூலியட்டின் மனத்தைக் கவர்ந்தது. ஸ்காட்லாந்தில் ஏழைச் சிறுமிகளைச் சேர்த்து, நூல் நூற்கவும் கோழி வளர்க்கவும் கற்றுக்கொடுத்தார்.

அடுத்த ஆண்டு ஊர் திரும்பினார். 1912 மார்ச் 12-ந் தேதி, சவானாவில் 18 பெண்களைச் சேர்த்து இயக்கத்தைத் தொடங்கினார். பெரிய வீட்டுப் பெண்களும் வந்தார்கள். அனாதை விடுதிப் பெண்களும் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே கருநீலச் சீருடை. அதைத் தாங்களே தைத்துக்கொண்டார்கள்! பிற்காலத்தில் அது காக்கியாக மாறியது.

வாங்க முடியாத நகை

புதிதாகச் சேரும் பெண் உறுதிமொழி சொல்ல வேண்டும். முடிச்சுப் போடத் தெரிய வேண்டும். தேறினால் மூன்று இலைச் சின்னம் கிடைக்கும்.

அதன் பிறகு, ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தகுதிச் சின்னம். சமையலுக்கு ஒன்று, நோயாளியைக் கவனிப்பதற்கு ஒன்று. தந்தி, மின்சாரம், விமானம் ஆகியவற்றுக்கும் உண்டு! அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்ததே 1920-ல்தான். அதற்கு முன்பே இவை வந்துவிட்டன.

எல்லாவற்றிலும் உயர்ந்தது தங்கக் கழுகு. அதைப் பெற 21 தகுதிச் சின்னங்கள் வேண்டும் என்று 1920-ம் ஆண்டுக் கையேடு விதித்தது.

முத்துமாலையைத் தகப்பன் வாங்கித் தரலாம். கணவன் வாங்கித் தரலாம். இந்தச் சின்னத்தை யாரும் வாங்கித் தர முடியாது. உழைத்தவள்தான் அணியலாம்.

இயக்கத்துக்குப் பணம் போதவில்லை. ஜூலியட் தயங்கவில்லை. தம் விலை உயர்ந்த முத்துமாலையை 8 ஆயிரம் டாலருக்கு விற்றார்!

யாராவது உதவி செய்ய முடியாது என்றால், அது மட்டும் அவர் காதில் விழாது! ஒரு கூட்டத்தில் சாரணியரின் புதிய காலணியைக் காட்ட வேண்டியிருந்தது. உடனே தலைகீழாக நின்று, கால்களை உயர்த்திக் காட்டிவிட்டார்!

ஒரு குறையும் உண்டு. அந்நாளில் அமெரிக்காவின் தென்பகுதியில் நிற வேற்றுமை கடுமையாக இருந்தது. அங்கே கறுப்பினச் சிறுமிகளுக்கு இந்தச் சீருடை, ஜூலியட்டின் காலத்துக்குப் பிறகே கிடைத்தது.

கடைசித் தந்தி

1923-ல் அவருக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. நோயை மறைத்துக்கொண்டு தொடர்ந்து வேலை செய்தார். 1927 ஜனவரி 17-ந் தேதி, 66-வது வயதில் உயிர் பிரிந்தது. பதினெட்டுப் பேரோடு தொடங்கிய இயக்கத்தில் அப்போது ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள்.

சவானாவின் சாரணியர் சவப்பெட்டியுடன் நடந்து வந்தார்கள். ஜூலியட்டின் சீருடைப் பையில் ஒரு தந்தி இருந்தது. இயக்கத்தின் தலைவர்கள் அனுப்பியது. முதல் சாரணி மட்டுமல்ல, எல்லாரிலும் சிறந்த சாரணியும் அவரே என்று அதில் பாராட்டியிருந்தார்கள்.

அதுவும் அவர் உழைத்துப் பெற்ற சின்னம்தான்.