3 ஆண்டு சம்பளம் வாங்காத பேராசிரியர்
விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் வாழ்க்கை

1895-ம் ஆண்டு. கல்கத்தா டவுன் ஹாலில் பெருங்கூட்டம்.

மேடையில் ஒரு சிறிய கருவி. 75 அடி தூரத்தில், சுவர்களுக்கு அப்பால் ஒரு மணி. இடையில் கம்பி எதுவும் கிடையாது.

கருவியை இயக்கியதும் மணி ஒலித்தது! அங்கே வைத்திருந்த வெடிமருந்தும் வெடித்தது!

இதைச் செய்து காட்டியவர், ஜகதீச சந்திர போஸ்.

குறைந்த சம்பளம்

போஸ் 1858-ம் ஆண்டு நவம்பர் 30-ந்தேதி, இன்று வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். கல்கத்தாவிலும், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிலும் படித்தார். 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார்.

வெள்ளைக்காரப் பேராசிரியர் பெற்ற சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போசுக்கோ, தற்காலிக வேலை என்று கூறி அதிலும் பாதியைக் குறைத்தார்கள்.

போஸ் ஒழுங்காகப் பாடம் நடத்தினார். சம்பளத்தை மட்டும் தொடவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல, 3 ஆண்டுகள்!

வீட்டிலோ தந்தையின் கடன் சுமை. 1887-ல் திருமணமும் நடந்தது. மனைவி அபலா, சென்னையில் மருத்துவம் பயின்றவர். கஷ்டத்தில் கணவருக்குத் துணை நின்றார்.

கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. பாக்கியுடன் முழுச் சம்பளமும் கொடுத்தது. அந்தப் பணத்தில் தந்தையின் கடன் அடைந்தது.

ரெயில்வே அட்டவணை

ஒளியும் ஒரு மின்காந்த அலையே என்று மாக்ஸ்வெல் கணக்குப் போட்டுச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலையை 1888-க்குள் ஜெர்மனியின் ஹெர்ட்ஸ் உண்டாக்கிக் காட்டினார். இரண்டுக்கும் ஒரே வேகம்: விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர். நீளம்தான் வேறு.

ஹெர்ட்சின் அலைகள் நீளமானவை. அவற்றைச் சோதிக்கப் பெரிய கருவிகள் வேண்டும். போஸ் அலையின் நீளத்தை 5 மில்லிமீட்டராகக் குறைத்தார். கருவிகளும் மேஜையில் அடங்கின.

கல்லூரியில் நல்ல ஆய்வுக்கூடம் இல்லை. தகர வேலை செய்பவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கருவிகளைத் தாமே செய்தார்.

ரெயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு இடையே ஈயத்தாள்களைச் செருகினார். புத்தகத்தை ஒரு வாக்கில் பிடித்தால் அலை உள்ளே புகுந்தது. திருப்பிப் பிடித்தால் நின்றது. அலை எந்தப் பக்கமாக அதிர்கிறது என்பது இதில் தெரிந்தது.

உலோகத் தகட்டில் பட்டு அலை திரும்பியது, லென்சில் வளைந்தது. ஒளி செய்வதை எல்லாம் அதுவும் செய்தது!

1897-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இதை விளக்கிக் காட்டினார்.

கடைசிக் காலம்

பின்னர் செடி கொடிகளின் உணர்ச்சி பற்றி ஆராய்ந்தார். 1917-ல் கல்கத்தாவில் தம் பெயரில் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். 1937-ம் ஆண்டு நவம்பர் 23-ந்தேதி கிரிதியில் காலமானார்.

இன்று ரேடாரிலும் 5ஜி தொலைபேசியிலும் மில்லிமீட்டர் அலைகள் பயன்படுகின்றன. பாதிச் சம்பளத்துக்குத் தலைவணங்காத அந்தப் பேராசிரியரின் மேஜையில் அன்றே ஓடிய அலைகள் அவை.