சொந்த வீடில்லாத மந்திரி

ஆண்டிப்பட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை இருக்கிறது. விடுமுறை நாளில் குடும்பத்தோடு போகிறவர்கள் பூங்காவைச் சுற்றிப் பார்ப்பார்கள். கடல் போல் தேங்கி நிற்கும் தண்ணீரைக் கண்டு வியப்பார்கள். அந்த அணை திறக்கப்பட்டபோது பொதுப்பணித் துறை மந்திரியாக இருந்தவர் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொள்ளவில்லை. அவர்தான் கக்கன்.

பூசாரி மகன்

மேலூர் அருகே உள்ள தும்பைப்பட்டி அவருடைய ஊர். 1908-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி பிறந்தார். தகப்பனார் கிராமக் கோவில் பூசாரி. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஏழைக் குடும்பம்.

கக்கன் காங்கிரசில் சேர்ந்து தொண்டு செய்தார். மதுரை வைத்தியநாத அய்யர் அவரைப் பிள்ளை போல் நேசித்தார். அந்த நாளில் தாழ்த்தப்பட்டவர்கள் மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் நுழைய முடியாது. 1939-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி அந்தத் தடை உடைந்தது. அய்யர் உள்ளே அழைத்துச் சென்றவர்களில் கக்கனும் ஒருவர்.

1942-ம் ஆண்டு போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார். பிறகு அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் ஆனார். 1952-ல் பாராளுமன்றத்துக்குப் போனார்.

மேலூர் வரை தண்ணீர்

1957-ல் காமராஜர் அவரை மந்திரி ஆக்கினார். பொதுப்பணித் துறையையும், அந்நாளில் அரிஜன நலத்துறை என்று அழைக்கப்பட்ட துறையையும் கொடுத்தார்.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களை நனைத்துவிட்டுத் தேனி அருகே வைகையில் சேருகிறது. அந்தத் தண்ணீரையும் மழை வெள்ளத்தையும் தேக்கி வைத்து, வேண்டும்போது திறந்துவிட ஓர் அணை தேவைப்பட்டது. முன்பே தொடங்கிய அந்த வேலை கக்கன் காலத்தில் முடிந்தது. அணையின் உயரம் 111 அடி. 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். 1959-ம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி காமராஜர் திறந்து வைத்தார்.

அணைத் தண்ணீர் பேரணை வழியாகக் கால்வாயில் மேலூர் வரை பாய்கிறது. மேலூர்ச் சீமையில் பிறந்த ஏழைப் பிள்ளைக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்!

வாடகை வீடு

பிறகு அவர் விவசாய மந்திரி ஆனார். 1963-ல் போலீஸ் இலாகாவும் அவரிடம் வந்தது. அணை, பாலம், ரோடு என்று கோடிக்கணக்கான ரூபாய் வேலைகள் அவர் கையெழுத்தில் நடந்திருந்தன. ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீடும் நிலமும் வாசலுக்கு வந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

1967 தேர்தலில் கக்கன் தோற்றார். 10 ஆண்டு மந்திரியாக இருந்தவர், சர்க்கார் வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவி மக்களுடன் வாடகை வீட்டுக்குப் போனார். ஜனங்களோடு ஜனமாக பஸ்சில் போனார். நேர்மையாக இருந்ததற்கு அவர் குடும்பமும் சேர்ந்து கஷ்டப்பட்டது.

பொது வார்டில்

எம்.ஜி.ஆர். முதல்-மந்திரியாக இருந்த சமயம். வேறொருவரைப் பார்க்க மதுரை அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பொது வார்டில் கக்கன் நோயாளியாக இருப்பது தெரிந்து பதறிப் போனார். கட்சி வேறுபாடு பார்க்கவில்லை. கக்கன் வாடகையின்றிக் குடியிருக்க ஒரு வீடும், மாத உதவித் தொகையும் கிடைக்க ஏற்பாடு செய்தார்.

1981-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி கக்கன் காலமானார். அவர் பிள்ளைகளுக்கு மாளிகை விட்டுச் செல்லவில்லை. ஆனால் யோக்கியமான மந்திரி யார் என்ற பேச்சு வந்தால், தமிழ்நாட்டில் இன்றும் முதலில் வருகிற பெயர்களில் ஒன்று கக்கன்.